இரண்டு வயது மகளின் பெரிய அழுகையும் நான் வீணடித்த 11 மாதங்களும்

எல்லாம் ஒரு சாக்ஸில்தான் தொடங்கியது. விரல் நுனியில் குறுக்காக ஒரு தையல் ஓடுமே, அது. மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். அவளை டேகேரில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு நான் ஒரு மீட்டிங்கில் உட்கார வேண்டும். சாக்ஸை மாட்டியதும் "கடிக்குது" என்றாள். கழற்றி உதறிப் பார்த்தேன், எறும்பு எதுவும் இல்லை. மறுபடி மாட்டினேன். "கடிக்குது." வேறு ஜோடி எடுத்தேன், அதுவும் கடித்தது. சரி, சாக்ஸே வேண்டாம் என்று வெறும் ஷூவை மாட்டினால் "சாக்ஸ் வேணும்" என்று தரையில் விழுந்தாள். 40 நிமிடம் அழுதாள். கடைசியில் ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு தரையிலேயே தூங்கிப்போனாள். இன்னொரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மீட்டிங் நான் இல்லாமலே முடிந்துவிட்டது. அப்போது எனக்குக் கவலையைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒரு சாக்ஸ் மாட்டத் தெரியவில்லையே என்று.

மனைவிக்கு அந்த வருடம் வேறு ஊரில் வேலை. வீட்டில் நானும் மகளும் மட்டும். பிறந்ததிலிருந்தே அவள் அப்படித்தான். மிக்சி சத்தம் கேட்டால் காதைப் பொத்துவாள், சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளைப் பிய்ப்பாள், புது ஆள் வந்தால் அரை மணி நேரம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பார்த்தவர்கள் எல்லாம் "பிடிவாதம்", "செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு" என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். குழந்தைகளின் சுபாவத்தைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்த ஹார்வர்டு உளவியலாளர் ஜெரோம் ககன், நான்கு மாதக் குழந்தைகளிடம் புதுப் பொம்மை, புதுச் சத்தம், புது வாசனை என்று காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. வளர்ப்பு என்ற ஒன்று சரியாகத் தொடங்கும் முன்பே இருக்கும் சுபாவம் அது. இது எனக்கு முதல் மாதமே தெரிந்திருந்தால் 11 மாதம் வீணாகியிருக்காது. அந்த 11 மாதத்தில் 19 நாள் சம்பளமில்லா விடுப்பு, ஒரு மாத வீட்டு வாடகை அளவுக்கு ஓர் ஆன்லைன் வகுப்புக் கட்டணம், கைநழுவிய ஒரு பதவி உயர்வு. தூக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சாக்ஸ் நடந்து இரண்டு மாதம் கழித்து அந்த ராத்திரி வந்தது. விளக்கு சுவிட்சை அவள்தான் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மறந்துபோய் நான் போட்டுவிட்டேன். அழ வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடியே இருக்கிறது, மூச்சு இல்லை. உதடு நீலமாகிறது, உடம்பு விறைக்கிறது, பிறகு துணி மாதிரித் துவண்டு என் கையில் சாய்கிறாள். அரை நிமிடம்கூட இருக்காது. எனக்கு எல்லாமே முடிந்துவிட்டது. அவளை அள்ளிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். கீழே வருவதற்குள் கண்ணைத் திறந்து, என் காலைப் பார்த்து, "அப்பா, செருப்பு" என்றாள். வெறுங்காலோடு நின்றிருந்தேன்.

மருத்துவமனையில் அதற்குப் பெயர் சொன்னார்கள், பிரெத் ஹோல்டிங் ஸ்பெல். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சில குழந்தைகளுக்கு வரும். வேண்டுமென்று மூச்சைப் பிடிப்பது கிடையாது, வலியிலோ கோபத்திலோ அழும்போது தானாக நின்றுவிடுகிறது, தானாகவே திரும்பியும் வரும். பெரும்பாலும் ஆபத்தில்லை, வளர வளர நின்றுவிடும். ஆனால் வலிப்போ இதயக் கோளாறோ இல்லை என்று உறுதி செய்ய முதல் தடவை கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். ரத்தத்தில் இரும்புச் சத்தைப் பார்க்கச் சொன்னார்கள், என் மகளுக்குக் குறைவாக இருந்தது. இரும்புச் சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டாம். சொட்டு மருந்து கொடுத்தோம், அதற்குப் பிறகு இரண்டே தடவை வந்து நின்றது. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பிடித்து உலுக்காதீர்கள். ஒரு நிமிடம் ஆகியும் மூச்சு வரவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுங்கள். அப்புறம், மூச்சு நிற்காமல் வெறும் அழுகைதான் என்றாலும் முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள். காது வலி, மலச்சிக்கல், காது சரியாகக் கேட்காதது, முளைக்கும் பல் எல்லாமே பிடிவாதம் மாதிரிதான் தெரியும்.

உடம்பு சரியானது, என் புத்தி கெட்டது. அந்த ராத்திரிக்குப் பிறகு அவள் வாய் கோணினாலே எனக்குக் கை நடுங்கும். அழவே விடக்கூடாது என்று முடிவு செய்தேன். கேட்டதெல்லாம் கொடுத்தேன். அப்படித்தான் செல்போன் வந்தது. முதல் மூன்று வாரம் சொர்க்கம். வாய் கோணும், போன் வரும், வாய் நேராகும். நான்காவது வாரம் பார்த்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். உலக சுகாதார அமைப்பு 2019-ல் சொன்ன கணக்குப்படி இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. போனைத் திரும்ப வாங்கும்போது வந்த அழுகை, போன் வருவதற்கு முன் இருந்த அழுகையைவிட இரண்டு மடங்கு. அழுகையை அடக்க எதைக் கொடுக்கிறோமோ, அதைத் திரும்ப வாங்கவும் ஒரு அழுகை உண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு வைத்தியம் மாற்றி வைத்தியம். மூலையில் நிற்க வைத்தேன், நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தாள். கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்றார்கள், விட்டேன், சுவரில் தலையை முட்டினாள். இரண்டு வாரம் வந்து இருந்த அத்தை, "விடுங்க மாப்பிள்ளை, அழுது ஓயட்டும்" என்பார், அடுத்த நிமிடமே அவள் கேட்டதை என் முதுகுக்குப் பின்னால் கொடுப்பார். அத்தையைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பத்து தடவை முடியாது என்று சொல்லிப் பதினோராவது தடவை கொடுத்தால், பதினோரு தடவை அழ வேண்டும் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்கிறது. அந்த ஆன்லைன் வகுப்பில் அழும் நேரத்தில் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். "உனக்கு இப்ப கோபம் வருது, இல்லையா கண்ணு?" என்று சிரித்த முகத்தோடு கேட்டேன். "இல்ல!" என்று கத்தி என் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். அடுத்த வாரம் வேறு உத்தி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அப்பா வேறு ஆளாக மாறினால் அந்தக் குழந்தைதான் எதைப் பிடித்துக்கொள்ளும்?

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். ஒரு நாள் அடித்துவிட்டேன். தொடையில் ஓர் அடி, நான்கு விரலும் பதிந்தது. உடனே அழுகை நின்றது. நின்ற விதம்தான் இன்னும் மனதில் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள், பிறகு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் கட்டிக்கொள்ள வேறு யாரும் இல்லையே. அன்று ராத்திரி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன். கை ஓங்கும் நிலை வந்தால், குழந்தையை அடிபடாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு இரண்டு நிமிடம் கதவுக்கு வெளியே போய் நில்லுங்கள். அந்த இரண்டு நிமிடம் அவள் தனியாக அழுவதால் ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் தோளைப் பிடித்து உலுக்குவது மட்டும் கூடவே கூடாது, சின்னக் குழந்தைகளுக்கு மூளையில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும்.

அடித்த மறுவாரம்தான் குழந்தை வளர்ச்சி பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனேன். மகளுக்கு மூன்று வயது ஆகியிருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எப்போ? எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "எப்பவும்தான் டாக்டர், மணிக்கணக்கில்" என்றேன். "எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஒரு பழைய நோட்டில் எழுதினேன். எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை நிமிடம், எப்படி முடிந்தது என்று நான்கே கட்டம். 16 நாளில் 41 அழுகை. மணிக்கணக்கில் ஒன்றுகூட இல்லை. அதிகபட்சம் 33 நிமிடம், பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம். என் நெஞ்சு படபடத்ததில் எனக்குத்தான் அது மணிக்கணக்காகத் தெரிந்திருக்கிறது. 41-ல் 27 அழுகை டேகேரிலிருந்து வந்ததற்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது வந்தவை 19. அவள் தூங்கியது பகலும் இரவும் சேர்த்து ஒன்பது மணி நேரம். மூன்று வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். டேகேரிலிருந்து வந்ததும் கடைக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினேன், வீட்டுக்குள் நுழைந்ததும் வாய்க்கு ஏதாவது கொடுத்தேன், 45 நிமிடம் முன்னதாகப் படுக்க வைத்தேன். வேறெதுவும் செய்யாமலே ஒரு மாதத்தில் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது. இதில் உளவியல் ஏதும் இல்லை. பசியும் தூக்கமும்தான்.

மீதி இருந்த பாதிதான் அவளுடைய நிஜமான பெரிய அழுகை. அதைப் பற்றி எனக்குப் பிடி கிடைத்ததும் நோட்டின் நான்காவது கட்டத்திலிருந்துதான். "எப்படி முடிந்தது" என்ற கட்டத்தில் நான் திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதியிருந்தேன்: "கத்தல் நின்று சிணுங்கல் ஆனது, பிறகு வந்தாள்." டாக்டரிடம் காட்டியபோது அதன்மேல் பேனாவை வைத்து, இதைக் கவனித்திருக்கிறீர்களா என்று கேட்டார். பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மைக்கேல் பொட்டிகல், ரிச்சர்ட் டேவிட்சன் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள், ஒன்றரை முதல் ஐந்து வயது வரையான 300-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் அடங்காத அழுகையை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்து 2003-ல் வெளியிட்டிருக்கிறார்கள். முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கத்துவது, உதைப்பது போன்ற கோபம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அழுகையும் சிணுங்கலுமான துக்கம் நெடுக ஓடும். ஆறுதல் தேடி வருவது கடைசியில். அப்படியானால் நான் 11 மாதமாக என்ன செய்துகொண்டிருந்தேன்? கோபம் உச்சத்தில் இருக்கும்போது பேசினேன், கெஞ்சினேன், அணைத்தேன், பெயர் வைத்தேன். ஒவ்வொன்றும் எரியும் அடுப்பில் ஒரு விறகு. துக்கத்துக்கு மாறி அவள் என்னைத் தேடும் நேரத்தில் களைத்துப்போய் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டேன். கத்தல் கட்டத்தில் அவளுக்கு எட்டும் தூரத்தில் தரையில் உட்காருவேன், நேருக்கு நேர் இல்லாமல் பக்கவாட்டில். கண்ணைப் பார்ப்பதில்லை, அவளுக்கு அதுவே ஒரு சத்தம் மாதிரி. மூலை கூரான பொருளை நகர்த்திவைப்பேன். "அப்பா இங்கதான் இருக்கேன்", இந்த ஒரே வரி, ஒரே தடவை. உள்ளங்கையைத் தரையில் மல்லாத்தி வைத்துவிட்டு என் மூச்சை மட்டும் எண்ணுவேன். அவளுக்காக அமைதியாக நடிக்க எனக்குத் தெரியாது, எண்ணினால்தான் நிஜமாகவே அடங்கும். முதல் வாரம் அந்தக் கையை அவள் மிதித்தாள். இரண்டாவது வாரம் ஒரு நாள், "ஆ... ஆ..." என்ற கத்தல் உடைந்து, மூக்கை உறிஞ்சும் "ங்..." வந்தது. பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். கையில் ஏதோ சின்னதாக, ஈரமாகப் பட்டது. ஒரு பாதம். என் உள்ளங்கைமேல் பாதத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்போது தூக்கினால் ஒட்டிக்கொண்டாள். ஒரு நிமிடம் முன்னால் தூக்கியிருந்தால் கடித்திருப்பாள்.

உங்கள் குழந்தைக்குக் கத்தல் நேரத்திலேயே இறுக்கி அணைப்பது பிடிக்கலாம், சில குழந்தைகள் அப்படித்தான் அடங்குவார்கள். அதை நோட்டில் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் எதைச் செய்தோம் என்று எழுதாவிட்டால் எது பலித்தது என்றே தெரியாது.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது வீண் என்று சொல்லவில்லை. நேரம்தான் தப்பு. அழுகை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, குளிக்கும்போது, பொம்மையை வைத்துக்கொண்டு பேசினோம். "இந்தக் கரடிக்கு சுவிட்சை வேற யாரோ போட்டுட்டாங்களாம், அதுக்கு எப்படி இருக்கும்?" "வயித்துல குதிக்கும்" என்றாள். கோபம் என்ற சொல்லைவிட அது எவ்வளவு துல்லியம்! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "வயித்துல குதிக்குது". சில வாரத்தில் அழுவதற்கு முன்பே வந்து வயிற்றைக் காட்ட ஆரம்பித்தாள். மூச்சுப் பயிற்சியும் சந்தோஷமான நேரத்தில்தான். உள்ளங்கையில் ஒரு காகிதத் துண்டை வைத்து மெதுவாக ஊதிக் கீழே தள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்வதை விட்டேன். அவளுக்கு அஞ்சு நிமிஷம் என்றால் என்ன தெரியும்? "இன்னும் மூணு தடவை சறுக்கிட்டுக் கிளம்பறோம்" என்று சொல்லி விரலை மடக்கினால் புரிந்தது.

அடிப்பதற்கும் கடிப்பதற்கும் மட்டும் பொறுமை கிடையாது. கையைப் பிடித்து "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லிக் கோபமில்லாமல் நிறுத்துவேன். அழட்டும், அழுகைக்கு அனுமதி உண்டு. மென்மையான குழந்தை என்பதால் வீட்டையே பஞ்சால் சுற்றும் தப்பையும் நான் செய்து பார்த்தேன். பிறந்தநாள் விழாக்களுக்குக் கூட்டிப்போகாமல், விருந்தாளியை வரவிடாமல், மிக்சியை அவள் இல்லாதபோது மட்டும் ஓட்டி நான்கு மாதம். பயம் குறையவில்லை, புதிதாக இரண்டு சேர்ந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். விழாவுக்கு எல்லோருக்கும் முன்னால் போய், கூட்டம் சேரும்போது கிளம்பிவிடுவது. மிக்சி சுவிட்சை அவளே தட்டி ஒரு நொடி ஓட்டி நிறுத்துவது. தான் போட்ட சத்தம் அவளை அவ்வளவு பயமுறுத்தவில்லை. சட்டை லேபிளை மட்டும் இன்றும் வெட்டித்தான் விடுகிறேன், அதில் என்ன வீரம் வேண்டிக்கிடக்கிறது.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், என்னைப் போல் 11 மாதம் காத்திருக்காதீர்கள் என்பேன். அழுகை அடிக்கடி 25 நிமிடத்தைத் தாண்டினால், தலையை முட்டியோ தன்னையே கடித்தோ காயப்படுத்திக்கொண்டால், யார் வந்தாலும் அடங்கவே முடியவில்லை என்றால் உடனே போங்கள். இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிய சொற்கள் மறைந்துபோயின என்றாலும் அப்படியே. போகும்போது நோட்டையும், ஒரு அழுகையின் இரண்டு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். டாக்டர் அறையில் எல்லாக் குழந்தையும் சமத்தாக உட்கார்ந்துவிடும், நாம் பொய் சொல்வது போல் ஆகிவிடும். அப்படியே உங்களையும் ஒரு டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். நான் ஆறு மாதம் நான்கு மணி நேரம்தான் தூங்கினேன், அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனச்சோர்வு என்று அப்புறம்தான் தெரிந்தது.

மனைவி திரும்பி வந்துவிட்டாள், மகளுக்கு மூன்றே முக்கால் வயது. பெரிய அழுகை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வருகிறது. நேற்றுக் காலையும் வந்தது. மறுபடி சாக்ஸ்தான், புதுசு, தையல் தடிமன். கிளம்ப நேரமாகிவிட்டது, என் குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அறைக்குள் போய்க் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு கத்தினாள். நான் உள்ளே போய்த் தரையில் உட்காரப் போனேன். கண்ணீரோடு நிமிர்ந்து, "நீ வெளியே இரு. அழுதுட்டு வரேன்" என்றாள்.

சரி என்று வாசற்படியில் உட்கார்ந்து, சாக்ஸைத் தையல் வெளியே வரும்படி உள்வெளியாகத் திருப்பிவைத்துக்கொண்டேன். 12 நிமிடம் ஆனது.